புல்லில் காய்ந்த கம்பளி

"மாசக் கடைசியில நாங்க வேற வீட்டுக்குப் போறோம், மைகுரு. முச்சநேத்தாவும் எங்ககூட வருது."

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆறு வயது ருவா வேலியோரம் நின்று, மாங்காயைக் கடித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஓடிப்போனாள். கேட்டுக்கொண்டிருந்த ஷுவாய்தான் அன்றைக்குக் களித் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள்.

மைகுரு என்றால் மூத்தவள்; ஓரகத்திக்கும் பெரியம்மாவுக்கும் எங்களிடம் அதே பேர்தான். ஷுவாய் மூத்த மருமகள், முன்வீட்டுக்காரி. கொல்லைப்புறத்து இரண்டு அறைகளில் இருப்பவள் கொழுந்தன் இத்தாயின் மனைவி மேவிஸ். இளையவள், அதனால் மைனினி. இத்தாய்க்கு வேலை போனபோது "கொஞ்ச நாளைக்கு" என்று மூட்டையோடு வந்தவர்கள். அந்தக் கொஞ்ச நாளில் அவர்கள் மகள் ருவாவுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல்லே வந்துவிட்டது.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஷுவாய் விட்டிருப்பாள். ஆனால் வந்த இடத்தில் மேவிஸ் எல்லாருக்கும் பிடித்தவளாக அல்லவா ஆகிவிட்டாள்? எண்ணெய்ப் பன் சுட்டு விற்றாள், எங்கள் சிக்காங்கா பேட்டை முழுக்க அவள் பன்னைத் தேடி வந்தது. சர்ச்சுப் பெண்கள் அவளிடம் பாட்டு கற்க வந்தார்கள். நாத்தனார் தேத்தே ஊரிலிருந்து வந்தால், முன்வீட்டுக் கதவைத் தாண்டி நேரே கொல்லைக்குப் போக ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் ஷுவாயின் வயிறு முழுசாக எரிந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பேராக வைத்துவிடுவோம். நாயைக் கூப்பிடுவதை யார் குற்றம் சொல்ல முடியும்? ஷுவாய் ஒரு குட்டியை வாங்கி வந்து முச்சநேத்தா என்று பேர் வைத்தாள். 'நீங்கதான் களைச்சுப் போவீங்க' என்று அர்த்தம். சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று "முச்சநேத்தா, வா" என்றால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சேதி யாருக்கு என்று மூன்று வீட்டுக்கும் தெரியும்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நாய்தான் கெடுத்தது. திட்டுவதற்காக வளர்த்த நாய், திட்டு வாங்க வேண்டியவள் வாசலிலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

ஷுவாயின் புருஷன் தாப்பேரா, எல்லைக்கு அந்தப் பக்கம் பெய்ரா துறைமுகம் வரை லாரி ஓட்டுகிறவர். அவரிடம் போனில் முறையிட்டாள். அவர் சொன்னார்: "மாசக் கடைசி ராத்திரி அது யார் வாசல்ல படுக்குதோ அவங்களோட நாய். பொம்பளைங்க சண்டையில என்னை இழுக்காதே. பின்னாடி ஹாரன் அடிக்கிறான், வைக்கிறேன்."

வைத்துவிட்டார். அன்றைக்கே ஷுவாய் அவருடைய நீலக் கம்பளியைத் துவைத்துக் காயவைத்து, நாலாக மடித்து, முன்வாசலில் நாய்க்குப் படுக்கை போட்டாள். எலும்பும் போட்டாள். நாய் வந்தது, படுத்தது, குறட்டை விட்டது. ஷுவாய் சில நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, ஒரு நாள் அது கம்பளியை மோந்துகூடப் பார்க்காமல் மறுபடி கொல்லைக்கே போய்விட்டது.

இன்றைக்கு மாசக் கடைசி.

*

காலையில் கஞ்சிக்கு வந்த நாயின் மேல் ஷுவாய் கை வைத்தாள். விரலில் ஏதோ சொரசொரத்தது.

முடியை ஒதுக்கிப் பார்த்தாள். விலாவில் பொருக்கு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வயிற்றோரம் சிவந்த மேடு, அதைச் சுற்றி நாயே நக்கி நக்கி முடி கொட்டிய இடம். காது நுனியில் ஈ கடித்துக் காய்ந்த கறுப்பு.

ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் மூளை வேறு பக்கம் ஓடியது. இவ்வளவு நாளாக எங்கே படுக்கிறது? மேவிஸின் அடுப்புப் பக்கத்தில். மேவிஸ் என்ன செய்கிறாள்? கொதிக்கிற எண்ணெயில் பன் போடுகிறாள்.

எண்ணெய் தெறித்த சூடு. வேறென்ன?

சொன்னால் அசிங்கம், ஆனால் நடந்ததைத்தானே சொல்கிறேன்: ஷுவாய்க்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒன்று கையில் சிக்கிவிட்டது. எல்லாருக்கும் நல்லவளான மேவிஸ், வாயில்லா ஜீவனைச் சுட்டுவிட்டாள். தேத்தே காதில் போட்டால் என்ன முகம் காட்டுவாளோ.

இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று நகத்தால் ஒரு பொருக்கைப் பெயர்த்தாள். நாய் அலறிக்கொண்டு திமிறியது. ரத்தம் பொட்டாக வந்தது. கஞ்சியைப் பாதியில் விட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

எங்கே ஓடியது என்று சொல்லவும் வேண்டுமா? கொல்லைக்குத்தான்.

ஷுவாய் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மேவிஸ் அவகாடோ மரத்தடியில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாய் ஏற்கனவே அவள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்தக் காட்சியைப் பார்த்ததும் ஷுவாய் யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்து போயிற்று.

"நல்லா இருக்கியா, மைனினி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன், மைகுரு. உக்காருங்க. ஒரு பன் சாப்பிடுங்க."

"உன் பன்னை என் நாய் முதுகுல போட்டுட்டே போல. எனக்கு எதுக்குத் தனியா?"

மேவிஸின் கை சட்டிக்கு மேலேயே நின்றது. "என்ன சொல்றீங்க?"

"எண்ணெய் தெறிச்சு உடம்பெல்லாம் பொருக்கு. அடுத்தவ நாயை மடியில வெச்சுக் கொஞ்சத் தெரியுதுல்ல? அடுப்புகிட்ட வராமப் பாத்துக்கத் தெரியாதா?"

மேவிஸ் அடுப்பைத் தணித்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாயைத் தன் பக்கம் இழுத்து, முடியை ஒதுக்கிப் பார்த்தாள். நாய் வயிற்றைக் காட்டி மல்லாந்தது. ஷுவாயிடம் ஒரு நாளும் அப்படி மல்லாந்ததில்லை.

"நான் நேத்தே சந்தேகப்பட்டேன். இது சூடு இல்ல, மைகுரு. இந்த மேடு நடுவுல பாருங்க, ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கு. இது புட்சி."

புட்சி என்றதும் ஷுவாய் ஒரு அடி பின்னால் போனாள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் அந்தப் பேரைக் கேட்டு அரளாதவர்கள் கிடையாது. புட்சி என்பது ஒரு ஈ, ஈரத் துணியில் முட்டை போடும். துணியைச் சூடாக இஸ்திரி போடாமல் உடுத்தினால் புழு பொரிந்து தோலுக்குள் போய்க் குடியேறிவிடும். அதனால்தான் நாங்கள் உள்பாவாடையிலிருந்து குழந்தையின் இடுப்புத் துணி வரை தேய்க்காமல் தொடமாட்டோம்.

பின்னால் போனவள் உடனே முன்னால் வந்தாள்.

"அப்ப உன் துணியில இருந்துதான் வந்திருக்கும்," என்றாள் ஷுவாய். "உன் வாசல்லதானே கிடக்குது?"

"என் வீட்டுல கைக்குட்டைகூடத் தேய்க்காம உள்ள வராது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கரண்ட் போனால்கூட மேவிஸின் கரி இஸ்திரிப்பெட்டி புகைந்துகொண்டேதான் இருக்கும். அதிலும் ஷுவாய்க்கு ஒரு எரிச்சல் உண்டு.

"பேசறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றாள் மேவிஸ். "முதல்ல இதைப் பாப்போம். தலையை நீங்க பிடிச்சுக்கிறீங்களா?"

என் நாயின் தலையைப் பிடிக்க எனக்கே உத்தரவா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

*

மேவிஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புக் கரைத்துக் கொண்டுவந்தாள். சுத்தமான துணியை நனைத்துப் பொருக்கின் மேல் வைத்து அழுத்தாமல் பிடித்தாள்.

"இதைப் பிக்கக் கூடாது, மைகுரு. ஊறினா தானா விழும். விழாட்டி விட்டுடணும், அடியில தோல் வந்துட்டிருக்கும். இது பாருங்க, யாரோ பிச்சிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ. அதுவே சொறிஞ்சிருக்கும்," என்றாள் ஷுவாய். நாய் அவளை ஒரு பார்வை பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புண்ணைச் சுற்றியிருந்த முடியை மேவிஸ் கத்தரித்தாள். சிவந்த மேடுகளின் மேல் வாஸ்லினைக் கட்டி கட்டியாக அப்பினாள். மூச்சு முட்டினால் புழு தானாக வெளியே தலை நீட்டும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. இரண்டு பேரும் ஒரே நாயின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மேவிஸின் ஜன்னல்களில் திரை இல்லை. உள்ளே அட்டைப்பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. ஷுவாய் பார்க்காத மாதிரி பார்த்தாள். இவர்கள் போகிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டியவள், பெட்டிகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டு, இதில் எதில் என் நாயை ஏற்றப் போகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ருவா வந்து குந்திக்கொண்டாள். "வந்துடுச்சா? எட்டிப் பாக்குதா?"

"வரப்போகுது. தள்ளி உக்காரு."

மேவிஸ் இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, மேட்டின் இரண்டு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்தினாள். நாய் உறுமியது. ஷுவாயின் கைக்குள் தலையை உதறியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று மேவிஸ் அதன் காதோரம் முணுமுணுத்தாள். "அவ்வளவுதான், தாஞராரா. முடிஞ்சது, தாஞராரா."

உறுமல் நின்றது. உடம்பு தளர்ந்தது. வெள்ளையாக, கொழுத்த அரிசி மாதிரி ஒரு புழு வெளியே வந்தது. ருவா கை தட்டினாள்.

ஷுவாய் புழுவைப் பார்க்கவில்லை. "என்ன பேர் சொன்னே?"

மேவிஸ் குனிந்த தலை நிமிரவில்லை. ருவாதான் முந்திக்கொண்டாள். "அது எங்க பேர். நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். மெதுவாத்தான் கூப்பிடணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

தாஞராரா. 'நாங்க பேசாம இருக்கோம்.'

அதுதான் பதில். ஷுவாய் ஒவ்வொரு சாயங்காலமும் தெருவுக்கே கேட்கும்படி அனுப்பிய சேதிக்கு, இவள் காதோடு காதாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், அதே நாயிடம். நாயும் இரண்டு பேருக்கும் வாலாட்டியிருக்கிறது. சத்தம் போட்டு ஒரு பதில் பேர் வைத்திருந்தால்கூட ஷுவாய் தாங்கியிருப்பாள். சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருப்பாள். இது பொறுக்கவில்லை. தான் வைத்த பேருக்கு எலும்பைக் காட்டினால்தான் வரும் நாய், இவள் வைத்த பேருக்கு வலியையே மறக்கிறது.

"அழகான பேர்தான்," என்றாள் ஷுவாய். குரல் அவளுக்கே புளித்தது. "பேசாம இருக்கறவங்க வீட்டுலதான் புழு வரும் போல. வாய் சுத்தம் இருந்தாப் போதுமா, துணி சுத்தம் வேண்டாமா?"

மேவிஸ் அடுத்த மேட்டில் விரலை வைத்தாள்.

ருவாதான் கேட்டாள். "மைகுரு, உங்க நீலக் கம்பளி வேலியோரம் புல்லுல காஞ்சுதே. அதைத் தேய்ச்சீங்களா?"

வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த வீடு என்னுடையது. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஷுவாய் முகத்தில் ஈயாடாததை நானே பார்த்தேன்.

அந்த நாள் அவளுக்கு அப்படியே கண் முன்னால் வந்தது. கொடியில் மேவிஸின் படுக்கை விரிப்புகள் தொங்கின. "கொஞ்சம் தள்ளிப் போடு" என்று கேட்டால் அவளிடம் கெஞ்சிய மாதிரி ஆகிவிடும். கம்பளியைப் புல்லில் விரித்தாள். தூறல் விட்டு விட்டுப் போட்டது, ஈரம் போகவே இல்லை. கரண்ட் கிடையாது. மேவிஸ்தான் தானாகவே கேட்டாள்: "இஸ்திரிப்பெட்டி சூடா இருக்கு, மைகுரு. கம்பளியைக் குடுங்க." ஷுவாய் என்ன சொன்னாள்? "என் வீட்டுக்கும் கரண்ட் வரும்." வரவில்லை. கம்பளி அப்படியே நாய்க்குப் படுக்கையாயிற்று. நாய்க்குத்தானே என்று இருந்துவிட்டாள்.

நாய் அதில் படுத்தது. புழு கடித்தது. ஓடிப்போனது. இவ்வளவுதான் விஷயம். மேவிஸ் இழுத்துக்கொள்ளவில்லை. இவளே விரட்டியிருக்கிறாள்.

மேவிஸ் குத்திக்காட்டுவாள் என்று ஷுவாய் காத்திருந்தாள். ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, ஒரு பெருமூச்சு, எது வந்தாலும் பிடித்துக்கொண்டு ஒரு சண்டை போட்டுவிடலாம். மேவிஸ் புண்ணைக் கழுவினாள். ஊதா மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். காது நுனியில் வாஸ்லின் தடவினாள்.

"நக்காமப் பாத்துக்கணும்," என்றாள். "அவ்வளவுதான். கைய எடுத்துக்கலாம், மைகுரு."

ஷுவாய் கையை எடுத்தாள். நாய் எழுந்து உடம்பை உதறியது. ஊதாப் புள்ளிகளோடு போய் மேவிஸின் வாசல்படியில் படுத்துக்கொண்டது.

*

மத்தியானம் முழுக்க ஷுவாய் வெளியே தலை காட்டவில்லை. கீரை அரிந்தாள், அரிந்த கீரையையே மறுபடி அரிந்தாள். விரலில் ஊதாக் கறை. சோப்புப் போட்டும் போகவில்லை.

வெயில் சாய்ந்ததும் முன்வாசலுக்கு வந்தாள். கம்பளியைக் காணோம்.

அவள் மனசு எங்கே போகும்? மேவிஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தேத்தே நாளைக்கு வீடு மாற்ற உதவி செய்ய வருகிறாள். அவள் முன்னால் விரித்துக் காட்டுவாள். 'பாருங்க தேத்தே, மைகுரு தேய்க்காம போட்ட கம்பளி.' பேசாமல் இருக்கிறவளாம், பேசாமல்.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். அங்கிருந்து கொல்லை தெரியும்.

மேவிஸ் மரத்தடியில் பலகை போட்டு நீலக் கம்பளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி இஸ்திரிப்பெட்டியிலிருந்து பொறி பறந்தது. ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் போட்டாள். ஓரத்தையெல்லாம் பெட்டியின் முனையால் அழுத்தி அழுத்தி எடுத்தாள். நிறுத்தி நெற்றி வியர்வையைத் துடைத்தாள், மறுபடி தேய்த்தாள். அவ்வளவு பெரிய கம்பளி. லாரிக்காரர் கம்பளி.

ஷுவாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுக்கிறதற்கு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கமாட்டாளா இவள் என்று நினைத்தாள். கண் கலங்கியது. அதுவும் ஆத்திரத்தில்தான்.

மேவிஸ் கம்பளியை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்து, முன்வாசலில் அதே இடத்தில் வைத்தாள். கதவைத் தட்டவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மாலைக் கூப்பாட்டு நேரம். கேட்டருகே இரண்டு பெண்கள் நின்று தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் வாசலில் இருந்தேன். ஷுவாய் சமையலறைப் படியில் வந்து நின்றாள்.

"முச்சநேத்தா, வா."

கொல்லை வாசல்படியில் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

"முச்சநேத்தா."

அசையவில்லை. தக்காளிப் பேச்சு நின்றது.

ஷுவாய் உதட்டுக்குள் வேறொன்றைச் சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை, நாய்க்கு எங்கே கேட்கும்? உள்ளே போய்விடலாம் என்று திரும்பினாள். கதவைப் பிடித்தாள். மறுபடி திரும்பினாள்.

"தாஞராரா," என்றாள், மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி. "தாஞராரா, வா."

நாய் எழுந்தது. சோம்பல் முறித்தது. ஊதாப் புள்ளிகளோடு முற்றத்தைக் கடந்து வந்து கம்பளியை மோந்து பார்த்தது. சூடு பிடித்திருந்தது போல. இரண்டு சுற்றுச் சுற்றி அதன் மேல் படுத்துக்கொண்டது.

கொல்லையிலிருந்து ருவாவின் குரல் வந்தது. "அம்மா, மைகுரு நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க."

"நீ பேசாம இரு," என்றாள் மேவிஸ்.

ஷுவாய் நாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்தாயிற்று. கணக்குப்படி நாய் இனி அவளுடையது. ஆனால் சூடு மேவிஸ் போட்டது, பேர் மேவிஸ் வைத்தது, மருந்து மேவிஸ் தடவியது. இதில் ஷுவாயுடையது என்று என்ன இருக்கிறது, வாசலைத் தவிர?

போன் அடித்தது. தாப்பேரா.

"எல்லையில வரிசையில நிக்கிறேன். விடியறதுக்குள்ள வந்துருவேன். சரி, நாய் யார் வாசல்ல படுத்திருக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தானே எலும்பு போட்டாள், கம்பளி துவைத்தாள். ஷுவாய் வாயைத் திறந்தாள். காலுக்கடியில் கம்பளி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"கேக்குதா? யார் வாசல்ல?"

"இருங்க," என்றாள். "ஒருத்தியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தாள். நாயும் எழுந்து அவள் பின்னாலேயே வந்தது.